கணக்கில் வராத சுறா

என் மகள் கடலை முதன்முதலாகப் பார்த்தது பல்கலைக்கழகத்தில் சேர்ந்த வாரத்தில். அதுவரை அவளுக்கு மீன் என்றால் ஹட்டன் கடைவீதியில் என் அண்ணன் நடத்தும் கருவாட்டுக் கடைதான். தலையில்லாமல், வாலில்லாமல், உப்புப் பூத்து, சாக்கில் கட்டி வருவது. மலையகத்தில் நாங்கள் பெரும்பாலும் கடலை அப்படித்தான் அறிந்திருக்கிறோம். தெற்குக் கரையோரத்துப் பல்கலைக்கழகம் ஒன்றில் அவளுக்குக் கடல் உயிரியல் கிடைத்தபோது, கொட்டகலையில் எங்கள் வீட்டுக்கு உறவினர்கள் துக்கம் விசாரிப்பதுபோல வந்து போனார்கள். டாக்டர் படிப்புக்கு எத்தனை புள்ளி குறைந்தது என்று கேட்டார்கள். அண்ணன் ஒருவர்தான் லட்டு வாங்கிக்கொண்டு வந்தார்.

"ஒங்க தாத்தா கடை வச்சாரு, நான் கடை வச்சிருக்கேன். ரெண்டு பேருக்கும் மீனு எப்புடி நீந்துமுன்னு தெரியாது. நீ போயி பாத்துட்டு வந்து சொல்லு பாப்பா" என்றார்.

நான் தபால் அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். தினமும் காலையில் என் முதல் வேலை முத்திரைக் கட்டையில் தேதியை மாற்றுவதாக இருந்தது. அந்தப் புத்தி இன்னும் போகவில்லை. ஹட்டன் கடைவீதியின் வரலாற்றைச் சில வருடங்களாக எழுதிக்கொண்டிருக்கிறேன்: எந்தக் கடை யார் கைக்கு மாறியது, எது எரிந்தது, எரிந்த பிறகு யார் கட்டியது. அண்ணன் கடையில் நடந்ததை எழுதாமல் விட்டுவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் ஊரில் ஒரு கதை சொல்கிறார்கள், கொழும்பில் வேறொரு கதை சொல்கிறார்கள். இரண்டும் தப்பு. வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

மகள் பட்டம் முடித்ததும் அதே பல்கலைக்கழகத்தில் ஓர் ஆய்வுத் திட்டத்தில் உதவியாளராகச் சேர்ந்தாள். வேலை என்னவென்றால், விடியும் முன்னே மீன்பிடித் துறைமுகத்துக்குப் போய், படகிலிருந்து இறங்கும் சுறாக்களை ஏலம் போவதற்குள் அளப்பது. நீளம், எடை, ஆணா பெண்ணா, குட்டி போடும் வயதுக்கு வந்ததா இல்லையா. ஏலக்காரர்கள் அவசரப்படுத்துவார்கள், வியாபாரிகள் அளவு நாடாவை மிதிப்பார்கள், அவள் குனிந்தபடியே அளந்துகொண்டிருப்பாள். இதற்காகவா அனுப்பினோம் என்று அவள் அம்மா கேட்டாள்.

அந்தத் தைப்பொங்கலுக்கு வந்திருந்தபோது எனக்கு அவள் விளக்கினாள். கடலுக்குள் எத்தனை மீன் இருக்கிறது என்று யாரும் எண்ணிப் பார்க்க முடியாது. வெளியே எடுத்ததை வைத்துத்தான் உள்ளே இருப்பதை ஊகிக்க வேண்டும். ஒரு வருடம் எடுத்தது என்ன அளவில் இருந்தது, அடுத்த வருடம் அது சிறுத்ததா, குட்டிகள் அதிகமாக வருகின்றனவா, அதே மீனைப் பிடிக்கப் படகு இன்னும் அதிக நாள் கடலில் கிடக்க வேண்டியிருக்கிறதா என்பதையெல்லாம் சேர்த்துக் கணக்குப் போட்டால்தான் எவ்வளவு பிடிக்கலாம், எதைப் பிடிக்கக்கூடாது என்று சொல்ல முடியும். நீள வால் சுறா என்று ஒன்று இருக்கிறது. உடம்பு எவ்வளவோ, ஏறக்குறைய வாலும் அவ்வளவு. பருவத்துக்கு வர வருடக்கணக்காகும். ஒரு பேற்றில் பெரும்பாலும் இரண்டே குட்டி. அதைப் பிடிப்பதையும் விற்பதையும் நம் நாட்டில் சட்டம் தடுத்தது இப்படி அளந்து பார்த்தவர்கள் சொன்னதால்தான்.

"தடுத்த பிறகு துறைமுகத்துல அது எறங்குறதே இல்லப்பா. ஒண்ணுகூட இல்ல. அதுதான் எங்களுக்குச் சந்தேகம்."

"ஏன், சட்டத்துக்குப் பயந்து விட்டுட்டாங்கன்னு வச்சுக்கயேன்."

"வலையில விழுறது சட்டம் படிச்சுட்டா விழுது?"

அவர்களுடைய சந்தேகம் இது. பல நாள் கடலில் கிடக்கும் படகுகளில் தலையையும் வாலையும் வெட்டிவிட்டு, உப்புப் போட்டு, கருவாடாகவே கரைக்குக் கொண்டுவருகிறார்கள். கருவாட்டை யாரும் அளப்பதில்லை. அது எங்கே போகிறது? கரையோரத்தில் பச்சை மீன் தின்கிறார்கள். சுறாக் கருவாட்டுக்கு ஆள் இருப்பது மலையில். அதனால் மலைச் சந்தைகளில் மாதிரி எடுக்கவேண்டும். அதற்கு ஒரு கடை வேண்டும், கடைக்காரர் சம்மதிக்க வேண்டும்.

அண்ணனிடம் கேட்க அவளோடு நானும் போனேன். பொங்கல் கழிந்த செவ்வாய்க்கிழமை. பட்டியல் எழுதும் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து முழுவதையும் கேட்டார்.

"என் கடை பேரு வருமா?"

"வராது பெரியப்பா. எந்தக் கடை பேரும் போட மாட்டோம். நம்பர்தான் போடுவோம்."

"யாராச்சும் கேட்டா?"

"கேட்டாலும் சொல்ல மாட்டோம். அதுதான் விதி."

"சரி. ஆனா ஒண்ணு பாப்பா. எனக்கு மத்தவன் யாரையும் தெரியாது, ஒங்க பேராசிரியரையும் தெரியாது. ஒன்ன நம்பித்தான் சாக்கை அவுக்குறேன்."

அது மேலோட்டமாகச் சொன்ன வார்த்தை இல்லை. நான்கு குடும்பம் அந்தக் கடையில் சாப்பிடுகிறது. எங்கள் அப்பா நடைபாதையில் சாக்கு விரித்துத் தொடங்கியது. அதை அவள் கையில் வைத்தார் என்றுதான் எழுதவேண்டும்.

அந்த வருடம் முழுக்க அவள் இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை வந்தாள். தெற்கிலிருந்து வந்து, கொழும்புக் கோட்டையில் ரயில் மாறி, ஹட்டனில் இறங்கி நேராகக் கடைக்குப் போவாள். அண்ணன் அவிழ்த்ததைப் பார்த்து வேறு சில கடைக்காரர்களும் சாக்கை அவிழ்த்தார்கள். கருவாட்டை நீட்டி வைத்து அளப்பாள். நகத்தளவு சதையை வெட்டி ஸ்பிரிட் நிரப்பிய சின்னக் குப்பியில் போடுவாள். நடு எலும்பில் ஒரு கண்ணியைக் கழற்றி எடுப்பாள். மரத்தில் வளையம் எண்ணி வயது சொல்வதுபோல அதிலும் சொல்லலாமாம்.

சந்தை நாளில் அது பெரிய வேடிக்கையாக இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை றொசல்லப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஓர் அம்மா பால் சுறா வாங்க வந்திருந்தார். மகளுக்குக் குழந்தை பிறந்திருந்தது. எங்கள் ஆட்களிடம் பிள்ளை பெற்றவளுக்குப் பால் சுறா கொடுப்பது தவறாத வழக்கம். பூண்டை அள்ளிப் போட்டுப் புட்டுச் செய்து கொடுத்தால் தாய்ப்பால் ஊறும் என்பார்கள். திருச்சியையும் மதுரையையும் விட்டு எங்கள் முன்னோர் மலையேறியபோது எத்தனையோ வழக்கத்தைக் கீழே போட்டுவிட்டு வந்தார்கள். இதை விடவில்லை. பச்சைச் சுறா இங்கே வந்து சேராது, அதனால் கருவாடு.

மகள் வெட்டியிருந்த ஓரத்தைப் பார்த்துவிட்டு அந்த அம்மா அண்ணனைப் பிடித்துக்கொண்டார்.

"என்னாங்க முதலாளி, எலி கடிச்சதுக்கெல்லாம் முழு வெல சொல்றீங்க?"

"எலி இல்லம்மா, என் தம்பி மக. கெம்பஸ்ல படிச்ச எலி."

"படிச்சுப்புட்டு கருவாட்டையா கடிக்குது? மாப்புள பாத்துக் கட்டி வைங்க, சரியாப் போயிரும்."

கடை முழுக்கச் சிரித்தது. மகளும் சிரித்தாள். பிறகு அந்த அம்மாவிடம், "இந்தப் பால் சுறா எவ்வளவு பெருசா வளருமுன்னு நெனைக்கிறீங்க?" என்று கேட்டாள்.

"இவ்வளவுதான். இது சின்னச் சாதி, நெத்திலி மாதிரி. இதுக்கு மேல வளந்தா அது பால் சுறாவா?"

தலையும் வாலும் இல்லாத மீனை மட்டுமே பார்த்து வாழ்ந்தவர்களுக்கு இதைவிட வேறென்ன தோன்றும்? நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன். அண்ணன், நாற்பது வருடமாக அதை விற்றவர், அவரும் அப்படித்தான் எண்ணியிருந்தார்.

ஆய்வுகூட முடிவு வந்தது அந்த ஐப்பசியில், தீபாவளிக்கு முந்திய வாரம். சின்னச் சாதிப் பால் சுறாவும் சாக்குகளில் இருந்தது. ஆனால் அதோடு கலந்து, அதே பெயரில், அதே விலையில் வந்ததில் நிறைய, பெரிய சுறாக்களின் குட்டிகள். பிறந்தபோது எலும்பில் விழுந்த வளையத்துக்கு மேல் வேறு வளையம் இல்லை. அவற்றில் சில, தடுக்கப்பட்ட நீள வால் சுறாவின் குட்டிகள். வாலை வெட்டிய பிறகு அவை எல்லாம் ஒரே அளவுதான். துறைமுகத்தில் இறங்குவதே இல்லை என்று எழுதப்பட்ட மீன், எங்கள் மலையில் பிள்ளை பெற்றவர்களின் சட்டியில் இருந்தது.

அறிக்கை எழுதும் முன் அவள் அண்ணனிடம்தான் முதலில் சொன்னாள்.

அவர் ஒரு சாக்கை அவிழ்த்து, நான்கைந்து கருவாட்டை மேசையில் வரிசையாகப் போட்டார். "எது நல்லது, எது தடுத்தது? காட்டு. நான் பொறுக்கித் தனியா வச்சுடுறேன்."

"கண்ணால பாத்துச் சொல்ல முடியாது பெரியப்பா. எனக்கே முடியாது. லேபுக்குப் போனாத்தான் தெரியும்."

"அப்ப நான் எப்புடிப் பாத்து வாங்குறது?"

"நீங்க பாக்க முடியாது. யாரும் பாக்க முடியாது. அதனாலதான் படகுலயிருந்து எறங்குற எடத்துல தடுக்கணும், வாலை வெட்டி எறக்கவே விடக்கூடாதுன்னு எழுதப்போறேன். கவ்வாத்து வெட்டின மலையில கொழுந்து எடுக்கக் கூடாதுன்னா, மலைக்கு ஆள் எறக்காம விடணும். கடையில தேயிலை வாங்குறவங்கிட்டப் போயி இது எந்த மலைக் கொழுந்துன்னு கேட்டா அவன் என்ன செய்வான்?"

அண்ணனுக்கு அது விளங்கியது. கவ்வாத்து வெட்டிய, அதாவது கிளை கழித்துவிட்ட, தேயிலைச் செடியைக் கொஞ்ச காலம் ஆறப் போடுவது இந்தப் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கொழும்புப் புறக்கோட்டை மொத்த வியாபாரிக்குத் தொலைபேசியில் பேசினார், கலப்பில்லாமல் அனுப்பச் சொல்லி. வியாபாரி சிரித்தாராம். "நீங்க வேணாமுன்னா பதுளைக்குப் போகும் முதலாளி" என்றாராம்.

அவள் எழுதியதை நான் வரி விடாமல் படித்தேன். நன்றாக எழுதியிருந்தாள். கடைகளுக்கு எண் மட்டும்தான். குட்டி சேரும் கடற்பகுதிகளில் அந்தப் பருவத்தில் வலை போடாமல் விடுவது பற்றி, சுறாவை முழுதாக இறக்கச் செய்வது பற்றி, கருவாட்டையும் கணக்கில் சேர்ப்பது பற்றி எல்லாம் காரணத்தோடு சொல்லியிருந்தாள். கடைக்காரர்களைத் தண்டிப்பதால் பயனில்லை என்று தனியாக ஒரு பத்தியே இருந்தது. நான் நிறையப் படிக்கிறவன். ஒரு பிரச்சினையை இவ்வளவு நேர்மையாக எழுதிய பக்கங்கள் குறைவு.

அவளுக்கு மேலே இருந்தவர்கள் அறிக்கையோடு மாதிரி எடுத்த விபரங்களையும் சேர்த்து, கேட்ட அரசாங்கத் திணைக்களத்துக்கு அனுப்பினார்கள். அதில் கடையின் பெயர் இல்லை. ஆனால் ஒவ்வொரு மாதிரியும் எடுத்த இடத்தின் அட்சரேகையும் தீர்க்கரேகையும் இருந்தன. ஆய்வில் அது வழக்கமாம். தொலைபேசியில் அந்த இரண்டு எண்ணையும் அடித்தால் வரைபடம் என் அண்ணன் கடை வாசலில் வந்து நின்றது.

அடுத்த ஆடியில், மழை விடாமல் பெய்த ஒரு புதன்கிழமை, அந்தத் திணைக்களத்து அதிகாரிகள் ஜீப்பில் வந்தார்கள். பொலிசாரும் கூட. நான் தகவல் கேட்டுக் கொட்டகலையிலிருந்து பஸ் பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது, கடையிலிருந்த சுறா முழுவதும், நல்லது கெட்டது பாராமல், நடைபாதையில் குவிந்திருந்தது. அப்பா சாக்கு விரித்த இடமும் ஏறக்குறைய அதுதான். அண்ணன் சிங்களத்தில் திரும்பத் திரும்ப ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தார்: இதில் எது தடுத்தது என்று காட்டுங்கள், மாத்தயா, நானே எடுத்துத் தருகிறேன். அந்த அதிகாரியாலும் காட்ட முடியவில்லை. அதனால்தான் எல்லாவற்றையும் எடுத்தார்கள். ஒருவர் தொலைபேசியில் படம் பிடித்தார். படத்தில் அண்ணன் கைகளைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். அழிந்துவரும் சுறாவை விற்ற வியாபாரி சிக்கினார் என்ற தலைப்போடு அது எல்லார் கைக்கும் போனது.

வழக்கு, தவணை, தண்டப்பணம். ஒரு தவணைக்கும் மொத்த வியாபாரி வரவில்லை, அவரை யாரும் அழைக்கவும் இல்லை. படகுக்காரரின் பெயர் ஒரு தாளிலும் இல்லை. படகைத் துரத்தக் கடற்படைக் கப்பல் வேண்டும். ஹட்டனுக்கு ஒரு ஜீப் போதும்.

மகள் அந்த வார இறுதியில் வந்தாள். வீட்டுக்கு வராமல் ஸ்டேசனிலிருந்து நேரே கடைக்குப் போனாள். நான் அங்கே இருந்தேன்.

"வாங்க மேடம்" என்றார் அண்ணன். "ஒக்காருங்க. அளக்க ஒண்ணுமில்ல இன்னைக்கு."

"பெரியப்பா, நான் பேரைக் குடுக்கல. சத்தியமா."

"பேரைக் குடுத்தீங்கன்னு நான் சொன்னேனா? வீட்டைக் காட்டிட்டுப் பேரைச் சொல்லாம விட்டுட்டீங்க. ரொம்ப நன்றி."

"நான் அளந்தது தப்பில்ல."

"அளந்தது தப்புன்னு யாரு சொன்னா? மீனு குறையுதுன்னா குறையுதுதான். அது எனக்குத் தெரியாதா? எங்கப்பா காலத்துச் சாக்கும் இந்தச் சாக்கும் எனக்குத் தெரியாதா? ஆனா புடிச்சவன் கடல்ல இருக்கான். கொண்டாந்தவன் லொறியில போறான். பொட்டலம் கட்டிக் குடுத்தவன் கோட்டுக் கூண்டுல நிக்கிறேன். இதுதான் ஒங்க விஞ்ஞானமா?"

"இது விஞ்ஞானம் இல்ல பெரியப்பா. நான் இப்புடிச் செய்யச் சொல்லவே இல்ல. படிச்சுப் பாருங்க."

"எனக்கு எதுக்கு? ஜீப்புல வந்தவன் படிச்சானா?" பிறகு என் பக்கம் திரும்பினார். "தம்பி, தேதி போட்டு எழுதிக்க. ஒன் புஸ்தகத்துல இது இல்லாம இருக்கக் கூடாது."

அவளுடைய பேராசிரியர் பிறகு அண்ணனுக்கு ஒரு கடிதம் அனுப்பினார், ஆங்கிலத்தில், வருத்தம் தெரிவித்து. அண்ணன் அதை என்னிடம் கொடுத்து மொழிபெயர்க்கச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

இதற்குப் பிறகுதான் மிக மோசமானது நடந்தது. அதைச் செய்தியாகப் போட எவருக்கும் தோன்றவில்லை.

திட்டம் இரண்டாம் சுற்றுக்கு நீடிக்கப்பட்டது. ஒரு தடவை அளப்பதால் பயனில்லை, அதே இடங்களில் மறுபடியும் அளந்தால்தான் கூடியதா குறைந்ததா என்று தெரியும். மகள் மறுபடியும் மலையேறினாள். ஹட்டன், கொட்டகலை, எங்கேயும் ஒரு கடைக்காரரும் சாக்கை அவிழ்க்கவில்லை. "சுறாவா? நாங்க அதெல்லாம் விக்கிறதில்லங்க" என்றார்கள், அவள் நிற்கும் இடத்திலேயே சுறா நாறிக்கொண்டிருக்கும்போது. இப்போது சுறா கடையின் முன்பக்கத்தில் தொங்குவதில்லை. உள்ளே, பழைய பேப்பரில் சுற்றி, தெரிந்த முகத்துக்கு மட்டும், கட்டா என்ற வேறு மீனின் கருவாடு என்று சொல்லி, முன்பைவிட அதிக விலைக்குப் போகிறது. பிள்ளை பெறுவது நிற்கவில்லை, பால் சுறா கேட்பதும் நிற்கவில்லை. நின்றது அளப்பது ஒன்றுதான்.

அவள் ஒவ்வொரு கடைக்கும் நேரே "தகவல் தர மறுக்கப்பட்டது" என்று குறித்து அனுப்பினாள். மேலே தொகுக்கும்போது எங்கோ அது பூச்சியமாக மாறியது. மறுப்புக்குக் கோட்டு வரைபடத்தில் இடமில்லை, பூச்சியத்துக்கு இருக்கிறது. கொழும்பில் ஒரு ஹோட்டல் மண்டபத்தில் நடந்த கூட்டத்தில் திரையில் கோடு ஒன்று செங்குத்தாகக் கீழே இறங்கியதாம். மலைநாட்டுச் சந்தையில் தடுக்கப்பட்ட சுறா அறவே ஒழிந்தது, ஆய்வும் சட்டமும் கைகோத்ததன் பயன் இது என்று பேசி, கைதட்டினார்களாம். மகள் பின் வரிசையிலிருந்து எழுந்து அது பூச்சியம் இல்லை என்றாள். நேரம் போதாது, பிறகு எழுத்தில் தாருங்கள் என்றார்கள். எழுத்தில் கொடுத்தாள். கிடைத்தது, நன்றி என்று பதில் வந்தது.

கடலைக் காப்பாற்ற வேறு வழியில்லை, அளந்துதான் ஆகவேண்டும் என்று அவள் இன்னும் சொல்கிறாள். நானும் அதை நம்புகிறேன். ஆனால் அளக்கும் கோலை ஒரு தடவை அடிக்கும் தடியாகப் பாவித்துவிட்டால், அடுத்த தடவை அதன் முன்னால் எவனும் எதையும் நீட்டிவைக்க மாட்டான். இதை அறிய ஆய்வு தேவையில்லை. நாள் முழுக்கப் பறித்த கொழுந்தில், நிறுவையின்போது கழிவு என்று சில கிலோவை வெட்டிவிட, மீதிக்கு மட்டும் கூலி வாங்கிப் பழகிய ஊர் இது. தராசு யார் கையில் இருக்கிறது என்பதை இங்கே எல்லாரும் முதலில் பார்ப்பார்கள்.

இந்த வருடம் வைகாசியில் அண்ணன் மகனுக்குப் பெண் குழந்தை பிறந்தது. பெயர் வைக்கும் நாளுக்கு எங்களையும் அழைத்திருந்தார்கள். அண்ணனே வந்து அழைத்தார். அந்த வார இறுதிக்கு வீட்டுக்கு வந்திருந்த மகளைப் பார்த்து, "நீங்களும் வந்துடுங்க" என்றார். அவள் லீவு எடுத்துக்கொண்டு வந்தாள். குழந்தைக்குச் சின்னக் கொலுசு வாங்கி வந்திருந்தாள்.

வீட்டில் கூட்டம். தண்ணீர் குடிக்க அவள் அடுப்படிக்குள் போனாள். நான் அடுப்படி வாசலருகே இருந்ததால் பார்த்தேன். அண்ணி ஒரு தட்டை எடுத்து, அடுப்பிலிருந்த சட்டியைச் சட்டென்று மூடினார். பூண்டு மணத்தோடு அந்த வாடை கூடம்வரை வந்திருந்தது, அதை மூட முடியவில்லை. மருமகள் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, கையில் பாதி தின்ற தட்டோடு, எங்கே பார்ப்பது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தாள்.

"அது என்னா பெரியம்மா?" என்று மகள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கட்டாக் கருவாடு என்று சொல்லியிருப்பார்கள்.

"தண்ணி முன்னுக்கு இருக்கும்மா, அங்க குடிங்க" என்றார் அண்ணி. சொந்த மகளுக்கு இல்லாத மரியாதையோடு.

மகள் தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்தாள்.